மிளகாய் இனங்களும் அடையாளமும்: நம்பியூர் குண்டு முதல் பூத் ஜொலோக்கியா வரை

மிளகாய், சொலானேசி குடும்பத்தைச் சேர்ந்த காப்சிகம் என்னும் பேரினத்தின் கனி. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய காப்சிகம் பேரினத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மனிதர் பழக்கிப் பயிரிட்டவை ஐந்து: ஆன்னுவம், ஃப்ரூட்டெசென்ஸ், சினென்ஸே, பக்காட்டம், பியூபெசென்ஸ். உலகில் விளையும் பல்லாயிரம் ரகங்களும் ஏறத்தாழ இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

திருப்பூர் உழவர் சந்தைக்குப் போகும் ஒருவர் அங்கே நீள மிளகாய், குண்டு மிளகாய், பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய் என நான்கைப் பார்க்கக்கூடும். உருவத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போலத் தோன்றினாலும் நான்கும் காப்சிகம் ஆன்னுவம் என்ற ஒரே சிற்றினம்தான். அதே நேரம், கிணற்றோரம் தானாக முளைத்துக் கிடக்கும் சிறிய காந்தாரியும் கடையில் விற்கும் சிறிய பச்சை மிளகாயும் ஒன்றுபோலவே இருந்தாலும் வெவ்வேறு சிற்றினங்கள். காயின் உருவம் ஏமாற்றும் என்பதை உணர்வதற்குத் தாவரவியலாளர்களுக்கே இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த இருநூறு ஆண்டுக் குழப்பத்தின் ஒரு பகுதி கோவை, கோவில்பட்டி, நம்பியூர் ஆகிய ஊர்களையும் தொட்டுச் செல்கிறது.

பெயரின் பயணம்

சங்க இலக்கியம் அறிந்த காரம் மிளகு மட்டுமே. அதைக் 'கறி' என்றும் அவை குறிப்பிடுகின்றன. மிளகாய் அவற்றில் இல்லை, இருக்கவும் முடியாது. 1492-இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளை அடைந்த பிறகே அச்செடி அமெரிக்காவுக்கு வெளியே சென்றது. போர்ச்சுக்கீசியர் 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தனர், 1500-இல் பிரேசில் கரையைத் தொட்டனர், 1510-இல் கோவாவைப் பிடித்தனர். பிரேசிலையும் கோவாவையும் இணைத்த அவர்களது கப்பல் வழியே மிளகாய் இந்தியாவுக்கு வந்தது. மும்பைப் பகுதியில் மிளகாய்க்குக் 'கோவை மிர்ச்சி', அதாவது கோவா மிளகாய், என்ற பழைய பெயர் இருந்தது. நம் கோவைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

புதிய காய்க்குப் புதிய பெயர் தேடாமல், பழகிய காரத்தின் பெயரோடு 'காய்' சேர்த்துக்கொண்டது தமிழ்: மிளகு, மிளகாய். கன்னடமும் 'மெணசினகாயி' என்று இதையே செய்தது. மலையாளத்தில் மிளகுக்கும் மிளகாய்க்கும் 'முளகு' என்ற ஒரே சொல் நிலைத்தது. அதனால் அங்கே மிளகைக் 'குருமுளகு' என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. வந்தேறி வீட்டுக்காரராகி, வீட்டுக்காரருக்கு அடைமொழி தேவைப்பட்ட கதை அது. இலங்கையின் மட்டக்களப்புத் தமிழில் மிளகாய்க்குக் 'கொச்சிக்காய்' என்று பெயர். கொச்சியிலிருந்து வந்த காய் என்ற நினைவு அதில் தங்கியிருக்கிறது. காய்ந்த மிளகாய் யாழ்ப்பாணத்தில் 'செத்தல்', தென் மாவட்டங்களில் 'வத்தல்', கொங்கு நாட்டில் 'வரமிளகாய்'.

ஊரை மாற்றி எண்ணிய பிழை ஐரோப்பாவிலும் நடந்தது. ஜெர்மானிய மருத்துவரும் தாவரவியலாளருமான லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் 1542-இல் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாயின் அழகான படங்களைத் தந்து, அதைக் கோழிக்கோட்டு மிளகு என்றே அழைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்து ஐம்பது ஆண்டுகள்கூட ஆகாத செடி, அதற்குள் இந்தியச் செடியாகப் பெயர் வாங்கிவிட்டது. டச்சு ஆளுநர் ஹென்ரிக் வான் ரீடு தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் நூலிலும் கேரளத்துத் தாவரங்களுக்கு நடுவே மிளகாய் இடம்பெற்றது.

ஒன்றா, இரண்டா, ஐந்தா

லின்னேயஸ் 1753-இல் மிளகாயை இரண்டு சிற்றினங்களாகப் பிரித்தார். ஓராண்டில் முடியும் செடிக்கு ஆன்னுவம், புதராகப் பல ஆண்டுகள் நிற்பதற்கு ஃப்ரூட்டெசென்ஸ். 1767-இல் மேலும் இரண்டைச் சேர்த்தார். ஆயுளை வைத்துச் செய்த இந்தப் பிரிவில் ஓர் அடிப்படைக் கோளாறு உண்டு. எல்லா மிளகாய்ச் செடிகளும் இயல்பில் பல்லாண்டுச் செடிகளே. ஐரோப்பியக் குளிர்தான் ஆன்னுவத்தை ஓராண்டில் கொன்றது. தமிழ்நாட்டின் தோட்டங்களில் கவனித்துக் கவாத்து செய்தால் சாதாரண மிளகாய்ச் செடியும் இரண்டாம் ஆண்டில் காய்க்கும்.

1776-இல் வியன்னாவில் நிக்கோலஸ் ஜாக்வின் இன்னொரு சிற்றினத்தை விவரித்துச் 'சினென்ஸே', அதாவது சீனத்தது, என்று பெயரிட்டார். அச்செடிக்கும் சீனாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அமேசான் வடிநிலமே அதன் தாயகம். ஜாக்வினே இளமையில் கரீபியத் தீவுகளில் செடி சேகரித்தவர் என்பது இந்தப் பிழையை இன்னும் விந்தையாக்குகிறது. தாவரப் பெயரிடல் விதிகளின்படி முதலில் முறையாக வைத்த பெயரே நிற்கும் என்பதால், பிழையென்று தெரிந்த பின்னும் 'சீன மிளகாய்' என்ற பெயரை யாரும் மாற்ற முடியவில்லை.

இந்தியாவில் வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதி, அவர் மறைந்தபின் வெளிவந்த ஃப்ளோரா இண்டிகா நூல் ஊசிமிளகாய் வகையைக் 'காப்சிகம் மினிமம்' என்று குறித்தது. பிரிட்டிஷ் மருந்து நூல்கள் அந்தப் பெயரையே நெடுங்காலம் பின்பற்றின. இன்று அது ஃப்ரூட்டெசென்ஸுக்குள் அடங்குகிறது. பழைய சித்த, ஆயுர்வேத அகராதிகளைப் புரட்டும் மாணவர்கள் மினிமம் என்ற பெயரைக் கண்டால் காந்தாரி வகையைத்தான் எண்ண வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காயின் உருவத்துக்கு ஒரு சிற்றினம் என்ற கணக்கில் பெயர்கள் பெருகி, குவியலாகின. அதற்கு எதிர்வினையும் வந்தது. அமெரிக்காவில் எச். சி. ஐரிஷ் 1898-இல் எல்லாவற்றையும் இரண்டாகக் குறைத்தார். எல். எச். பெய்லி 1923-இல் அதையும் விட்டு, பயிர் மிளகாய் எல்லாம் ஒரே சிற்றினம் என்றார்.

இந்த வழக்கைத் தீர்த்தவர்கள் பால் ஸ்மித்தும் சார்லஸ் ஹெய்சரும். அவர்கள் உலர் மாதிரிகளை மட்டும் பார்க்காமல் செடிகளை வளர்த்து ஒன்றோடொன்று கலந்தனர். எந்தக் கலப்பு விதை தருகிறது, அந்த விதையில் முளைத்த செடி மறுபடி காய்க்கிறதா என்று பார்த்தனர். 1951 முதல் 1957 வரை வெளியிட்ட கட்டுரைகளில் ஆன்னுவமும் ஃப்ரூட்டெசென்ஸும் வேறுவேறு என்பதையும், மறக்கப்பட்டுக் கிடந்த சினென்ஸே தனிச் சிற்றினம் என்பதையும் நிறுவினர். காயை விட்டுவிட்டுப் பூவைப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் ஆய்வின் சாரம். காய் மனிதன் தேர்ந்தெடுத்து உருமாற்றியது. பூவை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, அதனால் அது மாறாமல் நின்றது.

பூவைப் பார்த்து அறியும் முறை

இன்றும் வயலில் சிற்றினத்தை அறிய ஒரு கைலென்சும் பூத்த செடியும் போதும். காலை நேரத்தில், பூ அன்று விரிந்ததாக இருக்கும்போது பார்ப்பது நல்லது.

ஆன்னுவத்தில் பெரும்பாலும் ஒரு கணுவுக்கு ஒரே பூ. இதழ் பால்வெண்மை, மகரந்தப்பை நீலம் அல்லது ஊதா சாயல். ஃப்ரூட்டெசென்ஸில் இதழ் பச்சை கலந்த வெண்மை. பூக்காம்பு நிமிர்ந்து நிற்கும், ஆனால் பூவின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். காய் வானம் பார்த்து வளரும். பழுத்ததும் தொட்டாலே காம்பை விட்டுக் கழன்றுவரும். பறவைகளுக்கு அது வசதி.

சினென்ஸேயில் ஒரு கணுவில் இரண்டு, மூன்று, சில நேரம் ஐந்து பூக்கள்கூட இருக்கும், காம்புகள் தொங்கும். இதழ் நிறம் ஃப்ரூட்டெசென்ஸைப் போன்றதே என்பதால் இங்கேதான் குழப்பம் அதிகம். காய் முதிர்ந்தபின் புல்லிவட்டமும் காம்பும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். நூலால் இறுக்கிக் கட்டியதுபோல ஒரு வளையச் சுருக்கம் தெரிந்தால் அது சினென்ஸே. ஃப்ரூட்டெசென்ஸில் இந்தச் சுருக்கம் இருக்காது. ஒரு செடியில் ஒரு காயைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, பத்துக் காயாவது பார்க்க வேண்டும்.

மற்ற இரண்டும் எளிது. பக்காட்டத்தின் வெள்ளை இதழ்களின் அடியில் மஞ்சள் அல்லது இளம்பச்சைப் புள்ளிகள் சோடியாக இருக்கும். பியூபெசென்ஸின் பூ ஊதா நிறம், இலையில் மென்மயிர், விதை கறுப்பு. வேறு எந்தப் பயிர் மிளகாய்க்கும் கறுப்பு விதை கிடையாது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் பல வணிகப் பெயர்கள் ஆட்டம் காணும். 'தாய்லாந்து மிளகாய்', 'பேர்ட்ஸ் ஐ' என்ற பெயர்களில் விற்கும் நிமிர்ந்த சிறு மிளகாய்கள் பலவும் ஃப்ரூட்டெசென்ஸ் என்று எழுதப்பட்டாலும் ஆன்னுவமே. டபாஸ்கோ சாறு தயாராகும் மிளகாய் உண்மையான ஃப்ரூட்டெசென்ஸ்.

கோவில்பட்டியும் கோவையும்

தமிழ்நாட்டில் மிளகாய் ஆராய்ச்சியின் பழைய இடம் 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம். மானாவாரிக் கரிசல் நிலத்துக்கான நிலையம் அது. அங்கு உருவான 'கே 1' ரகம் அசாம் வகையிலிருந்து தனிவழித் தேர்வு செய்யப்பட்டது. 'கே 2' அசாம் வகை ஒன்றையும் சாத்தூர் சம்பாவையும் கலந்து பெறப்பட்டது. அசாம் மிளகாய் உலகப் புகழ் அடைவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அசாமின் ஆன்னுவ விதை கரிசல் காட்டில் கலந்துவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மதுரையில் உருவான 'எம்.டி.யு 1' ரகம், கே 1 விதையைக் காமா கதிருக்கு உட்படுத்திப் பெற்ற திடீர் மாற்றம். அதில் காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும்.

கோவையின் தேர்வுகள் 'கோ' என்ற வரிசையில் வந்தன. அவற்றில் கோ 3 இலங்கையிலிருந்து வந்த விதையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. கோ 2 ரகத்தின் மூலம் பக்கத்து ஊர்: அது 'நம்பியூர் குண்டு' என்னும் நாட்டு வகையிலிருந்து தேர்வு செய்யப்பட்டது.

நம்பியூர் குண்டு

நம்பியூர் அவிநாசிக்கு வடக்கே, இன்றைய ஈரோடு மாவட்டத்தில் கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய பகுதியில் உள்ளது. 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிவதற்கு முன் இப்பகுதி கோவை மாவட்டத்தில் இருந்தது. 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பூர் மாவட்டம் உருவானது. மாவட்டக் கோடுகள் எப்படி நகர்ந்தாலும் நிலம் ஒன்றுதான்: கிணற்றுப் பாசனத்தை நம்பிய தோட்டக்கால். முன்பு கவலை ஏற்றத்திலும் பின்பு மின்மோட்டாரிலும் நீர் இறைத்து, சோளம், ராகி, புகையிலை, மிளகாய், வெங்காயம் என மாறிமாறிப் பயிர் வைத்த நிலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி இங்கே வந்தது. அந்தப் பருத்தியே பஞ்சாலைகளுக்கும் பின்னர் பின்னலாடைக்கும் அடித்தளம் இட்டது. பருத்தியில் ஊடுபயிராக மிளகாய் வைப்பது தென்னிந்தியக் கரிசல், செம்மண் பகுதிகளில் பழைய வழக்கம். இரண்டையும் ஒரே பூச்சியான இலைப்பேன் தாக்குவதால் அதில் இடரும் உண்டு.

குண்டு என்பது உருவப் பெயர். இராமநாதபுரத்தில் அதே உருவத்துக்கு 'முண்டு' என்று பெயர். இரண்டும் ஆன்னுவம். இரண்டும் தடித்த தோலும் உருண்ட வடிவமும் கொண்டவை. ஆனால் உருவ ஒற்றுமையை மட்டும் வைத்து இரண்டும் ஒரே விதைவழி என்று சொல்லிவிட முடியாது. உருண்டைத் தன்மை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஊர்களில் உழவர் தம் கண்ணுக்குப் பிடித்ததைத் திரும்பத் திரும்ப விதைக்கு எடுத்ததாலும் தோன்றக்கூடியது. இராமநாதபுரம் முண்டு வடகிழக்குப் பருவமழையை நம்பி, உவர்ப்பேறிய கடலோர மண்ணில் விளைவது. நம்பியூர் குண்டு கிணற்று நீரில் விளைந்தது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்பியூரின் பெயர் கோ 2 ரகத்தின் பூர்வீகக் குறிப்பில் ஒரு வரியாக நிற்கிறது.

இவ்விரண்டு முடிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விளக்கம் தேவைப்படுவது. ஒரு நாட்டு வகை என்பது ஒரே மாதிரியான செடிகளின் கூட்டம் அல்ல. சற்றே மாறுபட்ட பல செடிகள் சேர்ந்த கலவை அது. ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து நன்றாகக் காய்க்கும் ஒரு வழியைப் பிரித்து ரகமாக்கும்போது, அந்த ஒரு வழி பாதுகாக்கப்படுகிறது, மற்றவை உழவர் கையில் விடப்படுகின்றன. உழவர் அந்த ரகத்துக்கோ, பின்னர் வீரிய ஒட்டு விதைக்கோ மாறினால் மற்றவை போய்விடும். புதிய ரகத்தால் விளைச்சல் கூடியது உண்மை. அதற்கான விலையும் உண்மைதான். புவிசார் குறியீடு பெற்ற முண்டு, உழவர் விடாமல் விதை எடுத்துக்கொண்டே வந்ததால் நிற்கிறது. மழையை நம்பிய உவர்நிலத்தில் அதற்குப் போட்டியாக வேறு பயிர் எளிதில் வராததும் அதற்கு ஒரு காரணம்.

நொய்யலும் உப்பும்

கொங்குத் தோட்டங்களில் போட்டி ஏராளம். தென்னை வந்தது, பின்னலாடை வந்தது. மிளகாய் பலமுறை பறிக்க வேண்டிய பயிர், கை வேலை அதிகம். ஆண்டு முழுவதும் வாரக்கூலி தரும் பனியன் கம்பெனி பக்கத்தில் இருக்கும்போது பறிப்புக்கு ஆள் கிடைப்பது கடினமானது.

நொய்யல் கரையில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் நூலில் பிடிக்கச் சமையல் உப்பு அல்லது சோடியம் சல்பேட் பெருமளவில் சேர்க்கப்படுகிறது. அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு போய்விடும். 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று உத்தரவிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறைக்கு மாறிய பின்னரே ஆலைகள் படிப்படியாகத் திறந்தன.

உப்பு எந்தப் பயிரை எப்படித் தாக்கும் என்பதற்கு மாஸ், ஹாஃப்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1977-இல் தொகுத்த அட்டவணை இன்றும் அளவுகோல். மண்ணின் உப்புத்தன்மை மின்கடத்தும் திறனால், மீட்டருக்கு டெசிசீமன் என்ற அலகில், அளக்கப்படுகிறது. அந்த அட்டவணைப்படி பருத்தி 7.7 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். மிளகாய் தாங்குவது 1.5 வரைதான். அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் 14 விழுக்காடு குறையும். உப்புத்தன்மை 4 ஆக உள்ள தோட்டத்தில் பருத்தி எதையும் காட்டாது, மிளகாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பருத்தியைத் துணியாக்கிய தொழில், பருத்தியோடு ஊடுபயிராக நின்ற செடியைத்தான் முதலில் தொட்டது. உவர் நிலத்திலேயே தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இராமநாதபுரம் முண்டு போன்ற வகைகளின் மதிப்பு இந்த இடத்தில் தெரியவரும்.

காந்தாரி

காந்தாரி, ஊசிமிளகாய், சில இடங்களில் சீனி மிளகாய் என்று அழைக்கப்படும் சிறு மிளகாய், தமிழ்நாட்டில் பயிராக அன்றி வீட்டுச் செடியாக வாழ்வது. கன்னியாகுமரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் அதிகம். இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும், தென்னை நிழலிலும் காய்க்கும். முதிராத காய் பச்சையாக இருக்கும் வகையும், வெள்ளையாக இருக்கும் வகையும் உண்டு.

இதை யாரும் விதைப்பதில்லை, பறவைகளே விதைக்கின்றன. மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின், பாலூட்டிகளின் நரம்பில் வெப்பத்தை உணரும் புரதத்தைத் தூண்டுவதால்தான் நாக்கு எரிகிறது. அந்தப் புரதத்தை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளின் உடலில் உள்ள அதே புரதம் காப்சைசினுக்கு இணங்குவதில்லை. எனவே கிளியும் மைனாவும் காந்தாரியைப் பழம்போலத் தின்று விதையைக் கெடாமல் எச்சத்தில் விடுகின்றன. எலியோ அணிலோ தின்றால் பல்லில் அரைபட்டு விதை வீணாகும். காரம் எதற்கு என்ற கேள்விக்குத் தோட்டத்து வேலியே விடை சொல்லும்.

தேஜ்பூர் அறிவிப்பு

இந்திய மிளகாய் ஒன்றின் சிற்றினம் எது என்ற கேள்வி உலகச் செய்தியானது ஒருமுறைதான். 2000-இல் அசாமின் தேஜ்பூரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தினர், அங்கு விளையும் நாகா ஜொலோக்கியா 8,55,000 ஸ்கோவில் காரம் உடையது என்று 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். ஸ்கோவில் என்பது அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் 1912-இல் வகுத்த காரஅளவு. அப்போது கின்னஸ் சாதனை வைத்திருந்த கலிபோர்னியாவின் ரெட் சவினா மிளகாய்க்குச் சொல்லப்பட்டது 5,77,000. வெளிநாட்டு ஆர்வலர் பலர் இந்திய அறிவிப்பை நம்பவில்லை. ஐயத்துக்கு இன்னொரு காரணம், அந்த மிளகாய் ஃப்ரூட்டெசென்ஸ் என்று குறிக்கப்பட்டிருந்ததுதான். அவ்வளவு காரம் அறியப்பட்டிருந்தது சினென்ஸேயில் மட்டுமே.

நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் போஸ்லண்டும் ஜித் பராலும் அதன் விதையை வளர்த்து, ரெட் சவினாவையும் அருகிலேயே வளர்த்து ஒப்பிட்டனர். 2007-இல் வெளியான முடிவு: பூத் ஜொலோக்கியா 10,01,304. அதே வயலில் விளைந்த ரெட் சவினா இரண்டரை லட்சத்தைக்கூட எட்டவில்லை. சிற்றினக் கேள்விக்கு மரபணு அடையாளங்களைச் சோதித்தனர். அது பெரும்பாலும் சினென்ஸே, அதில் ஃப்ரூட்டெசென்ஸின் மரபணுவும் ஓரளவு கலந்திருக்கிறது, இயற்கையில் நிகழ்ந்த கலப்பாக இருக்கலாம் என்பதே கிடைத்த விடை. ஆக, தேஜ்பூர் ஆய்வகம் காரத்தில் சரியாகச் சொன்னது, சிற்றினத்தில் பிழைபட்டது, ஆனால் அந்தப் பிழையிலும் ஒரு துளி உண்மை இருந்தது. நாகாலாந்தின் நாகா மிர்ச்சா 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. கின்னஸ் சாதனை பின்னர் வேறு மிளகாய்களுக்குப் போய்விட்டது. 2023 முதல் அதை வைத்திருப்பது 26,93,000 ஸ்கோவில் கொண்ட பெப்பர் எக்ஸ்.

இலங்கையிலும் சினென்ஸே உண்டு. சிங்களத்தில் அதற்கு 'நை மிரிஸ்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது நாய் மிளகாய் என்று கேட்கும், பொருள் நாக மிளகாய்.

வளர்க்கும்போது கவனிக்க வேண்டியவை

மாடித்தோட்டம் பரவியபின் பூத் ஜொலோக்கியா, கரோலினா ரீப்பர், பிஷப்ஸ் கிரவுன் போன்ற அரிய வகைகளின் விதைகள் சில்லறையாகக் கிடைக்கின்றன. உடுமலை, பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரத்தின் தென்னைநார்க் கழிவு திருப்பூரில் எளிதில் கிடைப்பதால் நாற்றுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் பொறுமைக்குத்தான். ஆன்னுவம் எட்டுப் பத்து நாளில் முளைக்கும், நாற்பது நாளில் நடவுக்கு வரும். சினென்ஸே முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நட்டபின் பழம் பழுக்க மூன்று நான்கு மாதம் ஆகும். முளைக்கவில்லை என்று பத்தாம் நாள் கொட்டிவிடுபவர்கள் நல்ல விதையைத்தான் கொட்டுகிறார்கள்.

பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவும் குளிராதபோது மிளகாய்ப் பூ உதிரும். திருப்பூரின் ஏப்ரல், மே மாதங்களில் இது நடக்கும். ஆடியில் விதைத்து, மழைக்காலத்தையும் தையையும் காய்ப்புக் காலமாக்கிக்கொள்வது பாதுகாப்பானது. நிழல்வலை உதவும். ஆழ்குழாய் நீர் உப்பாக இருந்தால் மழைநீரைச் சேர்த்து ஊற்ற வேண்டும், ஏனெனில் தொட்டியில் உப்பு வெளியேற வழியின்றிக் குவியும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி என்பது வயலில் வழங்கும் எளிய குறிப்பு. ஆண்டிஸ் மலையின் குளிருக்குப் பழகிய பியூபெசென்ஸைச் சமவெளியில் முயல வேண்டாம். கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் அதற்கு வாய்ப்பு உண்டு.

விதை எடுப்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகின்றனர். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியது என்பதால் அதைத் தன்மகரந்தப் பயிர் என்று எண்ணிவிடுகிறார்கள். தேனீ நடமாட்டத்தைப் பொறுத்து அயல் மகரந்தச் சேர்க்கை 91 விழுக்காடு வரை சென்றதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இந்திய விதைச் சான்றளிப்பு விதிகள் ஆதார விதை வயலுக்கு 400 மீட்டரும் சான்று விதை வயலுக்கு 200 மீட்டரும் தனிமைத் தூரம் கேட்பது அதனால்தான். மொட்டை மாடியில் 200 மீட்டர் கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த ரீப்பரும் குண்டு மிளகாயும் கலந்தால், அந்த ஆண்டுக் காயில் எந்த மாற்றமும் தெரியாது. அடுத்த ஆண்டு அந்த விதையில் முளைத்த செடியில்தான் தெரியும். நாட்டுக் குண்டு என்று அண்டை வீட்டுக்குக் கொடுத்த விதை, குண்டாகவும் இல்லாமல் வாயில் வைக்கவும் முடியாமல் காய்க்கும்.

மகரந்தம் கலப்பதில் சிற்றின எல்லை முழுப் பாதுகாப்பு அல்ல. ஆன்னுவம், சினென்ஸே, ஃப்ரூட்டெசென்ஸ் மூன்றும் நெருங்கிய உறவினர், தமக்குள் பல்வேறு அளவில் கலக்கக்கூடியவை. பக்காட்டம் அவற்றோடு அரிதாகவே கலக்கும். பியூபெசென்ஸ் தனித்தே நிற்கும். விதைக் களஞ்சியங்களிலும் கலப்பும் பெயர்க் குழப்பமும் நுழைந்துள்ளன. உலகெங்கும் உள்ள களஞ்சியங்களின் 10,038 மிளகாய் மாதிரிகளின் மரபணுவைச் சோதித்து 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, தவறான சிற்றினப் பெயரில் வைக்கப்பட்டவற்றையும் ஒன்றே பல எண்களில் வைக்கப்பட்டிருந்ததையும் கண்டது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. செடி பூக்கும் முன் ஒரு கிளையை மெல்லிய மல் துணிப் பையால் மூடிக் கட்டலாம். பனியன் துணியின் கழிவுத் துண்டும் போதும், காற்றும் ஒளியும் புகுமளவு மெல்லியதாக இருந்தால் சரி. காலையில் கிளையை மெதுவாகத் தட்டினால் உள்ளேயே மகரந்தம் சேரும். நான்கைந்து பிஞ்சுகள் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காய்களின் காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் இட வேண்டும். அவை செடியிலேயே முழுவதும் பழுத்தபின் பறித்து, நிழலில் உலர்த்தி, பூவின் நிறம், கணுவுக்கு எத்தனை பூ, காம்பின் நிலை, புல்லியில் சுருக்கம் உண்டா இல்லையா என்பதை விதை உறையின் மேல் எழுதி வைக்கலாம். கோ 2 ரகத்தின் குறிப்பில் நம்பியூரின் பெயர் நிற்பதும் அப்படி யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான்.